கச்சான் பிடுங்க வருகிறவள்

சிவரூபிக்குத் தாய் இல்லை என்பது முள்ளியவளையில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். மாமி விமலேஸ்வரிக்கு அது எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். தாயை இழந்தவர்கள் சித்திரைப் பறுவத்தில், முழுநிலா நாளில், பிடிக்கிற விரதத்தை மருமகளையும் பிடிக்க வைத்து, கோயிலுக்குக் கூட்டிப்போய், "தாயை நினைச்சுக் கும்பிடு பிள்ளை" என்று பக்கத்தில் நின்று சொல்லுகிறவளே அவள்தான். தாய் உயிரோடு உள்ளவர்கள் அந்த விரதத்தைப் பிடித்தால் தாய்க்கு ஆகாது என்பதும் மாமி சொல்லித்தான் சிவரூபிக்குத் தெரிய வந்தது. ஆனால் அதைக் கேட்டது, முதல் வருட விரதத்தை முடித்துக் கஞ்சியும் குடித்த பிறகு.

அன்று சிவரூபி காய்ச்சிய கஞ்சியில் ஒரு கோப்பை, சமையல் குசினிக்குப் பின்னால் தாழ்வாரப் பத்தியில் சாக்கை விரித்து இருந்த ராக்காயிக்கும் போனது. பயறு ஆய வந்த கூலிக்காரி அவள். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்குங்கம்மா" என்று விமலேஸ்வரியிடம் சொன்னாள்.

ராக்காயிதான் சிவரூபியைப் பெற்றவள்.

நியாயமாகச் சொன்னால், இந்தப் பொய்யை முதலில் சொன்னது ராக்காயி. சண்டை முடிந்து, முகாமிலிருந்து அக்கராயனுக்கு அப்பால் இருந்த தங்கள் துண்டுக் காணிக்குத் திரும்பியபோது அங்கே கூரையும் இல்லை, சுவரும் இல்லை. புருஷன் வீரையா உடையார்கட்டில் செல் என்கிற எறிகணை விழுந்து போய்விட்டான். தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளைச் சேர்க்கிற இல்லம் ஒன்று கிளிநொச்சியில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். ராக்காயி மகளை அதன் வாசல் வரைக்கும் கூட்டி வந்தாள். "அம்மாவும் செத்துப்போச்சுன்னு சொல்லு. அப்பத்தான் சேத்துக்குவாங்க. சோறு போடுவாங்க, படிக்க வெப்பாங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றுகொண்டாள். அந்த வருடம் செத்தவர்களைப் பற்றி யாரும் யாரிடமும் துருவிக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களின் வீடுகளிலும் செத்தவர்கள் இருந்தார்கள்.

அது வயிற்றுக்காகச் சொன்ன பொய். அதற்கு யாரும் வெட்கப்படத் தேவையில்லை. வெட்கப்பட வேண்டியது பிறகுதான் வந்தது. இல்லத்தில் மற்றப் பிள்ளைகள் கதைக்கிற மாதிரிக் கதைக்கப் பழகிக்கொண்டாள் சிவரூபி. வாயில் இருந்த மலையகத்து "ங்க" எல்லாம் மெல்ல மெல்லக் கழன்று விழுந்தன. மகன் நிருஷனுக்கு அவளைப் பேசி வந்தபோது, விமலேஸ்வரி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அவையின்ரை ஆக்கள் எண்டு நாளைக்கு ஒருத்தரும் வந்து வாசலிலை நிக்க மாட்டினம். எங்கட பிள்ளையா இருந்திட்டுப் போகட்டும்." யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம் அவளுடையது. அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புக்குள் இருந்த முள்ளும் சிவரூபிக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். அப்போது அவளுக்குப் பசி இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. பச்சையாகச் சொன்னால், தாயை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெற்றிலைக் காவி படிந்த பல், அந்தப் பேச்சு, காற்சட்டை போட்ட யாரைக் கண்டாலும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கிற அந்த நிலை. அதற்காக அவள் தாயைச் செத்தவளாகவே விட்டுவிட்டாள்.

ராக்காயி கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். மகள் கலியாணம் கட்டிப் போன ஊரில் தையில் நிலக்கடலைக் கச்சான் பிடுங்கவும் சித்திரையில் பயறு ஆயவும் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் தோளில் ஒரு பையோடு விமலேஸ்வரி வீட்டுப் படலையில் வந்து நின்றாள். "வேல இருக்குங்களா அம்மா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் வருகிறாள். பத்தியில் படுப்பாள். குசினி யன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி குடிப்பாள். பேத்தி யதுர்ஷிகா அவளைக் "கச்சான் ஆச்சி" என்று கூப்பிடும். அந்தக் கூப்பாட்டுக்காகவே ராக்காயி மற்றவர்களை விட மெதுவாகக் கச்சான் பிடுங்குகிறாள் என்பது சிவரூபிக்கு மட்டும் தெரியும்.

இப்படியே போயிருக்கும். போன மாதம் புதுக்குடியிருப்புச் சந்தையில் சிவரூபியின் கைப்பை தொலையாமல் இருந்திருந்தால்.

பையில் காசு பெரிதாக இல்லை. அடையாள அட்டை இருந்தது. ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருந்த நேரம். அட்டை இல்லாமல் அந்த வாசலுக்குள் விடமாட்டார்கள். நிருஷன் மேசன் வேலைக்கு மழை இல்லாத நாட்களில்தான் போக முடியும். நிரந்தர வேலை ஒன்று அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பொலிஸில் முறைப்பாடு போட்டாள். ஸ்ரூடியோவில் படம் எடுத்தாள். கிராம அலுவலரின் கையெழுத்து மட்டும்தான் மிச்சம். அதற்குப் பிறப்புச் சான்றிதழை நீட்ட வேண்டும். அதில் தாயின் பெயர் ராக்காயி என்று இருந்தது.

ஸ்ரூடியோ வாசலில் நின்ற ஒருவன் அவளுடைய முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டான். "அக்கா, விதானை, கந்தோர் எண்டு அலையத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து இந்த நம்பருக்கு வட்ஸ்அப்பிலை போடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றான். பெயர் தெரியாத ஒருவனிடம் தன் பிறப்பையே கொடுக்க அவளுக்குக் கூச்சம் வரவில்லை. மாமியின் கண்ணில் அது படுவதற்குத்தான் கூச்சம் வந்தது. படத்தை எடுத்தும் விட்டாள். அனுப்பப் போன நேரத்தில் நிருஷன் எட்டிப் பார்த்தான்.

"உனக்கென்ன விசரோ? ஆரெண்டு தெரியாதவனுக்கு இதைக் குடுத்தால் நாளைக்கு உன்ரை பேரிலை என்ன செய்வான் எண்டு தெரியுமோ? என்ரை அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரை விதானையிட்டைப் போ."

ஊரார் இன்னும் விதானை என்று சொல்லுகிற கிராம அலுவலர் பிரதீபன், அந்தப் பிரிவுக்குப் புதிது. முகம் பார்த்துக் கையெழுத்து வைக்கிற ஆள் இல்லை என்று பெயர் எடுத்திருந்தான்.

"குறை நினைக்காதேங்கோ அம்மா" என்றான் விமலேஸ்வரியிடம். "போன வருசம் நான் இருந்த இடத்திலை ஒருத்தி வேறை ஒரு பிள்ளையின்ரை சான்றிதழைக் காட்டி அட்டை எடுத்துப் போட்டாள். அந்தப் பேரிலை சிம் எடுத்து, ஆரையோ ஏமாத்தி, கடைசியிலை பொலிஸ் போய் நிண்டது ஒண்டும் அறியாத அந்தப் பிள்ளையின்ரை வாசலிலை. எனக்கு முந்திக் கையெழுத்து வைச்சவர் இன்னும் விசாரணைக்குத் திரியிறார். தங்கச்சியைச் சின்னனிலை இருந்து தெரிஞ்ச ஆரும் வந்து சொல்லட்டும். நான் வைக்கிறன்."

"நான் மாமி சொல்லுறன். காணாதோ தம்பி?"

"நீங்கள் கலியாணத்தோடைதானே கண்டனீங்கள். தாய் தகப்பன் இல்லையோ?"

"ரெண்டு பேரும் சண்டைக்குள்ளை செத்திட்டினம்" என்றாள் விமலேஸ்வரி. சிவரூபி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரணச் சான்றிதழ்?"

"அந்த நேரம் ஆர் தம்பி அதெல்லாம் எடுத்தது?"

பிரதீபன் தலையாட்டினான். அவனுக்கும் அது தெரிந்த கதைதான். "அப்ப ஊரிலை தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிள்ளை ஆரெண்டதையும் தாய் செத்ததையும் ஒரு வாக்குமூலமா எழுதித் தரட்டும். அது போதும்."

வீட்டுக்குத் திரும்பி வரும்போது விமலேஸ்வரி ரோட்டில் சட்டென்று நின்றாள். நல்ல யோசனை வந்த சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. "எங்கட ராக்காயி இருக்கிறாளெல்லோ பிள்ளை? அவளும் அக்கராயன் பக்கம்தானே. உன்ரை கொம்மாவை அவளுக்குத் தெரியாமல் இராது."

கேட்டபோது ராக்காயி கச்சான் செடியை உதறிக்கொண்டிருந்தாள். "தெரியுங்கம்மா. வர்றேங்க" என்றாள். கை நிற்கவில்லை.

மறுநாள் காலையில் கிணற்றடியில் சிவரூபி அவளிடம் போனாள். சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் போனாள். தாயிடம் கதைக்கப் போகும்போது கள்ளி மாதிரிச் சுற்றிலும் பார்ப்பது அவளுக்குப் பழகிவிட்டது.

"அம்மா, அங்கை கேள்வி எல்லாம் கேப்பினம்."

"கேக்கட்டும். நாஞ் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத." ராக்காயி முகத்தைக் கழுவி முந்தானையால் துடைத்தாள். "ஒனக்கு வேல கெடச்சாப் போதும்."

சிவரூபிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள் என்ற நிம்மதி. அது நெஞ்சுக்குள் வந்து இருந்த பிறகுதான், எதற்கு நிம்மதிப்படுகிறோம் என்று அவளுக்கு உறைத்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

அலுவலகத்தில் மூன்று கதிரைகள் இருந்தன. இரண்டில் மாமியும் மருமகளும் இருந்தார்கள். ராக்காயி கதவோரம் நின்றாள். "இருங்கோ அம்மா" என்று பிரதீபன் சொன்னதற்கு, "பரவாயில்லீங்க ஐயா" என்றாள். தன் அட்டையை பொலித்தீன் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள்.

பிரதீபன் அட்டையைப் பார்த்தான். சிவரூபியின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தான். மறுபடியும் அட்டையைப் பார்த்தான்.

"இதிலை தாயின்ரை பேரும் ராக்காயி. உங்கட பேரும் ராக்காயி."

ராக்காயி சிரித்தாள். "எங்க பக்கம் அது கொலதெய்வத்துப் பேருங்க ஐயா. வீட்டுக்கு ஒரு ராக்காயி இருக்கும்."

"அவையளுக்குள்ளை அப்பிடித்தான் தம்பி" என்று விமலேஸ்வரியும் சிரித்தாள். பிரதீபனும் அதை ஏற்றுக்கொண்டான். எல்லோரும் ஒரே மாதிரித்தான் என்று நினைக்கிற இடத்தில் ஒருத்தி ஒளித்துக்கொள்வது எவ்வளவு சுலபம்.

"சரி. இந்தப் பிள்ளையை எவ்வளவு காலமாத் தெரியும்?"

"பொறந்ததுல இருந்து தெரியுங்க."

"தாய் செத்தது உங்களுக்குத் தெரியுமோ? எப்பிடிச் செத்தவா?"

இதை ராக்காயி யோசித்து வைத்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு சாவைச் சொன்னாள்.

"உடையார்கட்டுலங்க. பங்கருக்குள்ள புள்ள தண்ணி கேட்டுச்சு. எடுத்துட்டு வந்துர்றேன்னு இதோட அம்மா வெளிய போச்சு. திரும்பி வர்றப்ப வாசல்லயே செல்லு விழுந்துச்சு. கையில இருந்த போத்தலு ஒடயல. நாங்கதாங்க பக்கத்துலயே குழி வெட்டிப் பொதச்சோம்."

தண்ணீர் கேட்டது சிவரூபி. எடுக்கப் போனது வீரையா. உடையாத அந்தப் போத்தலில் இருந்த தண்ணீரைப் பிறகு குடித்ததும் அவள்தான். புருஷனுடைய சாவை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டு, தாய் கையைக் கட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். விமலேஸ்வரி கண்ணைத் துடைத்து, மருமகளின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை படப்பட சிவரூபிக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிரதீபன் எழுதி முடித்து வாசித்துக் காட்டினான். "சிவரூபி என்பவரின் தாயாகிய ராக்காயி இறந்துவிட்டார் என்பதை நான் நேரில் அறிவேன். சரியோ அம்மா?"

"சரிங்க."

"கையெழுத்து வைப்பீங்களோ?"

"கைநாட்டுத்தாங்க."

மைப் பெட்டியைத் திறந்து வைத்தான். ராக்காயி வந்து பெருவிரலை மையில் அழுத்தினாள். கச்சான் மண் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. மற்றக் கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, எங்கே வைக்க வேண்டும் என்று குனிந்து பார்த்தாள். தன் சாவுக்குக் கைநாட்டு வைக்கப் போகிறவள், தாள் கசங்கிவிடக் கூடாது என்று கவனமாகப் பிடித்திருந்தாள்.

சிவரூபி அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

"செத்தது என்ர அப்பா" என்றாள். "தண்ணி எடுக்கப் போனது அப்பா. இவா என்ர அம்மா."

விமலேஸ்வரி புரியாமல் பார்த்தாள். ராக்காயி பதறிப்போய்க் கையை இழுத்தாள். "இல்லீங்க ஐயா. புள்ளக்கி அம்மா நெனப்பு வந்துருச்சு. அதான் ஏதோ சொல்லுது. நான் கச்சான் பிடுங்க வர்றவங்க. இந்த அம்மாகிட்ட கேளுங்க."

"அம்மா, போதும்."

"சும்மா இரு புள்ள" என்றாள் ராக்காயி, பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு பிரதீபனைப் பார்த்துக் கும்பிட்டாள். "அது பேச்ச எடுத்துக்காதீங்க. எங்க வெக்கணும், சொல்லுங்க."

பிரதீபன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவன் முகம் மாறியிருந்தது. "பிள்ளை ஓம் எண்டிறா, இவா இல்லை எண்டிறா. நான் ஆர் சொல்லுறதை எழுத? பொய் வாக்குமூலம் எண்டால் ரெண்டு பேருக்கும் வில்லங்கம். உண்மை தெரியாமல் இதிலை நான் கை வைக்க மாட்டன் தங்கச்சி. அட்டையும் இல்லை, ஒண்டும் இல்லை."

விமலேஸ்வரி எழுந்தாள். ராக்காயியின் முன்னால் வந்து நின்று அவள் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருடம் தன் வளவில் குனிந்து வேலை செய்த முகத்தை நிமிர்ந்தபடி அவள் பார்த்ததே இல்லை. நெற்றியைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். ராக்காயியிடம் அவள் "நீங்கள்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "இவள் உங்கட பிள்ளையோ?"

ராக்காயி மகளைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை அது. பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்று சொல்ல, அந்தப் பிள்ளையிடமே உத்தரவு கேட்டு நின்றாள். நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது சிவரூபிக்கு.

"சொல்லும்மா" என்றாள். "எம்புள்ளன்னு சொல்லும்மா." எப்போதோ தொலைத்த பேச்சு, அவளுடைய வாயிலேயே இருந்திருக்கிறது.

"ஆமாங்க" என்றாள் ராக்காயி. "எம்புள்ளதாங்க."

பிரதீபன் எழுதிய தாளைக் கிழித்துக் கூடைக்குள் போட்டுவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்தான். உறவு முறை என்ற இடத்தில் தாய் என்று எழுதினான். ராக்காயியின் விரலில் மை இன்னும் காயவில்லை.

வீட்டடியில் ஓட்டோவால் இறங்கியதும் ராக்காயி வழமைபோல வேலியோரமாகப் பத்திப் பக்கம் போகத் திரும்பினாள். விமலேஸ்வரி வாசலில் நின்றபடியே மருமகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று சிவரூபி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நீ மறைச்சதை நான் ஒருநாளைக்கு மறந்திடுவன் பிள்ளை. என்ர வாயும் உன்னைச் சொல்ல விடாத மாதிரித்தானே இருந்தது" என்றாள் விமலேஸ்வரி. "ஆனா உயிரோடை இருக்கிற மனிசிக்கு, அவவின்ரை விரதக் கஞ்சியை என்ர கையாலையே குடுக்க வைச்சிட்டியே. எத்தினை வருசம். அவ அறியாமல் குடிச்சவ. அந்தப் பாவத்தை நான் எங்கை கொண்டுபோய்க் கரைக்க?"

ராக்காயிதான் வேலியோரம் நின்று திரும்பினாள்.

"அறியாம இல்லீங்கம்மா" என்றாள். "அது என்ன கஞ்சின்னு முத வருசமே பக்கத்துக் காட்டுல வேல செஞ்சவ சொல்லிட்டா. தெரிஞ்சுதாங்க குடிச்சேன். எம்புள்ள எனக்குன்னு காச்சுனதாச்சே."

சொல்லிவிட்டு, மை படிந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிடுங்கிப் போட்ட கச்சான் வெயிலில் காய்கிறதா என்று பார்க்கப் போனாள்.